பட்டா இல்லாத மீன்கள்: பாலாற்றில் குரோமியம் கலந்த வரலாறு

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பில், ஐந்து மாவட்டங்களில் இருந்த எல்லா டேனரிகளுக்கும் தலா 10,000 ரூபாய் மாசு அபராதம் விதிக்கப்பட்டது. அந்த மாவட்டங்களின் பெயர்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள் தோழர்களே: வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். பட்டியலில் முதலில் நிற்பது பாபாசாகேபின் பெயர். செத்த மாட்டைத் தூக்குவதை நிறுத்துங்கள் என்று தம் மக்களிடம் சொன்னவரின் பெயரைத் தாங்கிய மாவட்டம்தான் அன்று நாட்டின் தோல் ஏற்றுமதிக்குப் பெரும் களமாக இருந்தது. பிறகு மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அந்தப் பெயரும் போனது. பாலாற்று மணலில் படிந்த குரோமியம் போகவில்லை.

சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்தத் தீர்ப்பை மனப்பாடமாகச் சொல்வார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இரண்டும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு. எல்லாம் சரி. ஆனால் அந்த நஞ்சு அங்கே எப்படி வந்தது, அது நீரில் வாழும் உயிர்களை என்ன செய்தது, இழப்பைக் கணக்கிட உட்கார்ந்தபோது யாரை எழுதினார்கள், யாரை விட்டார்கள் என்பது பாடப்புத்தகத்தில் வருவதில்லை. அதைத்தான் இங்கே பேசவேண்டியிருக்கிறது.

தோலும் தீட்டும் என்ற பழைய கதையை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செத்த மாட்டைத் தூக்குவதும் உரிப்பதும் ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட சாதிகளின் கடமையாக்கப்பட்டது. பறை, செருப்பு, கிணற்றில் நீர் இறைக்கும் தோல் பை எல்லாம் ஊருக்கு வேண்டும்; செய்தவர் மட்டும் ஊருக்குள் வரக்கூடாது. 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தோல் கப்பலேறியது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னை மாகாணத் தோலுக்கு லண்டன் சந்தையில் நல்ல பெயர் இருந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் அப்படி வளர்ந்த ஊர்கள். தோல் காசாக மாறியதும் தீட்டு பாதியாகக் குறைந்தது. அதாவது, வணிகத்துக்குத் தீட்டு இல்லை. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி முடி கழிக்கும் வேலைக்கு மட்டும் தீட்டு அப்படியே இருந்தது. அந்த ஈர வேலை இன்றுவரை பெரும்பாலும் தலித்துகளின் கையில்தான் இருக்கிறது.

ஆவாரம்பட்டைப் பதனிடல் ஆற்றைக் கெடுக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சுண்ணாம்பும் உப்பும் அழுகிய சதையும் அப்போதும் ஓடையில்தான் விழுந்தன, நாற்றமும் அப்போதே இருந்தது. ஆனால் பட்டைச் சாறும் சதையும் காலப்போக்கில் மக்கிவிடும். குரோமியம் மக்காது. அது ஒரு தனிமம். நிறம் மாறும், வடிவம் மாறும், அழிவதில்லை. வரலாறு இங்கே இரண்டாகப் பிரிகிறது.

குரோமியம் கொண்டு தோல் பதனிடும் முறைக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் 1884இல் காப்புரிமை பெற்றார். வாரக்கணக்கில் பட்டைச் சாற்றில் ஊறவேண்டிய தோல், குரோமிய முறையில் ஒரே நாளில் பதமாகிவிடும். இதைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி. 1903 வாக்கில் சோதனைகளைத் தொடங்கினார். அவர் நோக்கங்களில் ஒன்று, கவலை இறைக்கும் தோல் பைகளை நீரில் சீக்கிரம் அழுகாதபடி செய்வது. கிணற்றுநீரை வெளியே எடுக்கத்தான் குரோமியம் தமிழ்நாட்டுக்குள் வந்தது என்பதை நினைத்தால் கசப்பாகத்தான் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் குரோம் லெதர் நிறுவனம் வந்தது. அந்த ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயர் நிலைத்தது. ஒரு உலோகத்தின் பெயரில் ஒரு ஊர். தினமும் அந்த ரயில் நிலையத்தில் இறங்கி ஏறும் பலருக்கும் அது தெரியாது.

ஆனாலும் அடுத்த எழுபது ஆண்டுகளுக்குப் பாலாற்றங்கரையில் பட்டைப் பதனிடல்தான் பெருவாரியாக நடந்தது. திருப்பம் 1970களில் வந்தது. பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் வெளிநாட்டுக்கு விற்றால் லாபமெல்லாம் அங்கேதான் போகிறது. முழுதாகப் பதனிட்டு, செருப்பாகவும் பையாகவும் விற்றால் அந்நியச் செலாவணி பெருகும் என்று சீதாராமய்யா குழு பரிந்துரைத்தது. 1973 முதல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடையும், பாதி பதனிட்ட தோலுக்குக் கட்டுப்பாடுகளும் வந்தன. பொருளாதாரப் பாடத்தில் இதை மதிப்புக் கூட்டல் என்பார்கள். தவறான கொள்கை என்று ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. ஆம்பூர் செருப்புத் தொழிற்சாலைகளில் பல்லாயிரம் பெண்களுக்கு வேலை வந்தது இதனால்தான். ஆனால் முழுப் பதனிடல் என்றால் நடைமுறையில் குரோமியம் என்று பொருள். அந்தக் குரோமியக் கழிவு எங்கே போகும் என்ற கேள்விக்கு அன்று எந்த ஏற்பாடும் செய்யப்படவில்லை. ஆலைகள் பெருகியபிறகு, 1990களின் நடுவில்தான் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. நடுவில் இருபது ஆண்டுகள். மதிப்பு கூடிய தோல் கப்பலேறியது, கூட்டலில் மிஞ்சியது ஆற்றுக்கு வந்தது.

மிஞ்சியது என்பதை அலங்காரமாகச் சொல்லவில்லை. வழக்கமான முறையில் டிரம்முக்குள் போடும் குரோமிய உப்பில் 60 முதல் 70 விழுக்காட்டைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும். மீதி நீலப்பச்சை நீராக வெளியே வரும். அந்த நீரில் லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கும் மேல் குரோமியம் இருக்கலாம். ஆற்றில் விடும் நீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு விதி, குடிநீரில் 0.05. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று 1996 தீர்ப்பே குறிப்பிடுகிறது.

இது வந்து விழுந்த ஆறு எப்படிப்பட்டது? கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கம் பக்கம் வயலூரில் கடலைத் தொடும் ஆறு. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். ஓடி என்று எழுதுகிறேன். ஆண்டில் பெரும்பகுதி அது மணல்தான். மேலே பேத்தமங்கலம் ஏரியில் தேக்கிய பாலாற்று நீர் கோலார் தங்க வயலுக்குப் போனது. அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் இதே வட ஆற்காட்டிலிருந்து போன தலித்துகள் என்பதையும் நினைவில் வையுங்கள். மேலே நம் உழைப்பும் ஆற்று நீரும் தங்கத்துக்குப் போயின, கீழே இரண்டும் தோலுக்கு.

பெரிய ஆற்றில் கழிவு கலந்தால் வெள்ளம் அதை நீர்க்கச் செய்து கொண்டுபோகும். பாலாற்றில் அப்படி நடக்க வழியில்லை. மழை இல்லாத மாதங்களில் ஆற்றில் கண்ணுக்குத் தெரியும் நீரே கழிவுநீர்தான் என்ற நிலை பல இடங்களில் இருந்தது. அது மணலுக்குள் இறங்கி ஊற்றுகளில், கிணறுகளில், கால்வாய் வழியாக ஏரிகளில் சேர்ந்தது. மழை வந்தால் தொட்டியைத் திறந்துவிட்டு வெள்ளத்தோடு தள்ளிவிடுகிறார்கள் என்பது அங்கே வாழும் மக்கள் ஆண்டுதோறும் சொல்லும் புகார். புதுவெள்ளம் என்பது மீன் ஏறி வந்து முட்டையிடும் காலம். அதே நாளில் நுரையும் வந்தது.

நீருக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நம் தோழர்கள் பலர் இதை அறிவியல் மாணவர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். அது தவறு, ஏனென்றால் ஆலை நிர்வாகத்தின் வாதமெல்லாம் இங்கேதான் நிற்கிறது.

குரோமியம் நீரில் முக்கியமாக இரண்டு வடிவங்களில் இருக்கும். டேனரியிலிருந்து வருவது பெரும்பாலும் மூன்று இணைதிறன் கொண்ட வடிவம். இது சாதாரண ஆற்றுநீரில் அதிகம் கரையாது, வண்டலாகப் படிந்துவிடும். ஆறு இணைதிறன் கொண்ட வடிவம் நன்றாகக் கரையும், புற்றுநோயை உண்டாக்கும், மஞ்சளாகத் தெரியும். “நாங்கள் பயன்படுத்துவது முதல் வகைதான், அது ஆபத்தில்லை” என்பது தொழில் தரப்பு எப்போதும் சொல்லும் பதில். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி: வண்டலில் மாங்கனீசு ஆக்சைடுகள் இருந்தால் முதல் வகை இரண்டாம் வகையாக மாற முடியும். அப்படி மாறாவிட்டாலும் அது படியும் இடம் காலி இடமல்ல. ஆற்றின் அடிச்சேற்றில்தான் மண்புழு போன்ற நீர்ப்புழுக்களும் கொசுவினப் புழுக்களும் நத்தையும் வாழ்கின்றன. தட்டான்பூச்சியின் இளம்புழுவும் அங்கேதான் வளர்கிறது. மீனின் சோறு இவைதான். முதலில் மறைவது இந்தச் சோறு. மீன் செத்து மிதந்தால் படம் எடுப்பார்கள். சேற்றுப்புழு செத்ததை யாரும் படம் எடுத்ததில்லை.

கரைந்த குரோமேட்டின் கதை வேறு. வேதியியல் வடிவத்தில் அது சல்பேட்டைப் போலவே இருக்கும். உயிரணு அதைச் சல்பேட் என்று நம்பிக் கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளே போனதும் அது வடிவம் மாறுகிறது. மாறும்போது உண்டாகும் வினைமிகு பொருட்கள் மரபுப்பொருளைச் சிதைக்கின்றன. மீனுக்கு முதல் அடி செவுளில் விழும். செவுளின் மெல்லிய தகடுகள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, சளி சுரந்து மூடிக்கொள்கிறது. நீரில் ஆக்சிஜன் இருந்தாலும் எடுக்க முடியாமல் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். டேனரிக் கழிவில் சல்பைடும் உப்பும் கரிமக் கழிவும் சேர்ந்தே வருவதால் நீரிலும் ஆக்சிஜன் இருப்பதில்லை. பிறகு கல்லீரல், சிறுநீரகம். முட்டையும் குஞ்சும் பெரிய மீனை விட எளிதில் சாகும். அதனால் ஒரே நாளில் கூட்டமாகச் சாகாமலேயே ஓர் இனம் அந்த ஏரியிலிருந்து இல்லாமல் போக முடியும்.

இன்னொரு வாதமும் கேட்பீர்கள்: “ஏரியில் மீன் இருக்கிறதே, பிடிக்கிறார்களே?” இருக்கிறது. எந்த மீன் என்று கேளுங்கள். விராலும் தேளியும் மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். ஜிலேபி எந்தக் குட்டையிலும் தாக்குப்பிடிக்கும். ஓடும் தெளிந்த நீரும் மணலும் வேண்டிய அயிரையும் சின்னக் கெண்டைகளும்தான் முதலில் தோற்கும். நான்கு வகை மீன் இருக்கும் ஏரியும் நாற்பது வகை இருந்த ஏரியும் ஏலப் பதிவேட்டில் ஒன்றுதான். பாதரசம் போல குரோமியம் மீன் சதையில் மேலே மேலே பெருகுவதில்லை என்பதும் உண்மை. அது செவுளிலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும்தான் கூடுதலாகத் தங்கும். ஆகவே சதையை மட்டும் சோதித்து ‘பாதுகாப்பானது’ என்று சான்று தருவது எளிது. குடலோடும் தலையோடும் சின்ன மீனைக் குழம்பு வைக்கும் வீட்டில் அந்தச் சான்று எதற்கு ஆகும்?

அந்த வீடு யாருடையது என்பதுதான் நம் கேள்வி. ஏரி மீனுக்கு மீன்பாசி ஏலம் உண்டு. ஏலம் எடுப்பவர் யார், பல ஊர்களில் தலித்துகள் ஏலத்தில் கைதூக்கவே விடப்படாதது ஏன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஏலத்துக்கு வராதது ஓடை நண்டு, வயல் நத்தை, கால்வாயில் துணி விரித்துப் பிடிக்கும் பொடிமீன். கூலி இல்லாத நாளில் நிலமற்ற குடும்பத்தின் கறி அதுதான். அதற்கு விலை இல்லை, ரசீது இல்லை. அது போனபோது இழப்பு என்று எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

1991இல் வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது முன்வைக்கப்பட்ட பெரிய எண், டேனரிப் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்பது. தீர்ப்புக்குப் பிறகு சூழலியல் இழப்பீட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. வேலூர் மாவட்டத்தில் சுமார் 15,000 ஹெக்டேர் நிலம், 29,000க்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டவர்கள், சுமார் 26.8 கோடி ரூபாய் என்று 2001இல் அது கணக்கு முடித்தது. வகுத்துப் பாருங்கள், ஒருவருக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாய்கூட வரவில்லை. அந்தத் தொகையின் சிறுமையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது அளவுகோல். கணக்கு ஹெக்டேரில் நடந்தது. ஹெக்டேர் இருந்தால் பட்டா இருக்கவேண்டும். நெல்லும் தென்னையும் போனதால் அறுவடைக் கூலி போன பெண்ணுக்கு ஹெக்டேர் இல்லை. சேரியின் பொதுக்கிணற்றுக்குப் பட்டாதாரர் இல்லை. மீனுக்கும் நண்டுக்கும் சர்வே எண் இல்லை. நிலம் யாரிடம் இருந்தது என்ற பழைய அநீதியின் மேலேயே புதிய நீதியின் கணக்கு எழுதப்பட்டது.

1927 மார்ச் 20 அன்று மகத்தில் பாபாசாகேப் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். விலங்குகள் குடிக்கலாம், நாங்கள் குடிக்கக்கூடாதா என்பது அன்றைய கேள்வி. பாலாற்றங்கரையில் அந்தக் கேள்வி வேறு விதமாகத் திரும்பி வந்தது. கிணறு கெட்டபோது பணம் உள்ளவர் ஆழ்துளை போட்டார், கேன் தண்ணீர் வாங்கினார். பள்ளத்தில் இருந்த சேரிக்கு முதலில் வந்து சேர்ந்தது கழிவு. கடைசியில் வந்தது லாரித் தண்ணீர்.

ராணிப்பேட்டையை மறக்கக்கூடாது. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970களின் நடுவில் தொடங்கி, டேனரிகளுக்கான குரோமிய உப்புகளைத் தயாரித்தது. அங்கே கிடந்தது நேராக ஆறு இணைதிறன் கொண்ட வகை. 1995இல் ஆலை மூடப்பட்டபோது ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவு திறந்த வெளியில் மலையாகக் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் நீர் வடியும். 2006இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது. ஆலை மூடியது என்றால் பிரச்சினை முடிந்தது என்று நினைப்பவர்கள் அந்த மலையைப் பார்க்கவேண்டும்.

‘டேனரிகளை மூடு’ என்று முழக்கம் போடுவது எளிது. நகரத்தில் இருந்து போடுவது இன்னும் எளிது. மூடல் உத்தரவு வந்த ஒவ்வொரு முறையும் முதலில் கூலி இழந்தது ஈரத் தொட்டியில் நிற்பவர். இரண்டாவது, இந்தப் பிரச்சினையை ஒரு மதத்தவரின் குற்றமாகத் திருப்பிவிடப் பார்க்கும் பேச்சு இருக்கிறது. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். உரிமம் கொடுத்தது அரசு, செலாவணியை எண்ணியது ஒன்றிய அரசு, செருப்பை வாங்கியது ஐரோப்பாவும் அமெரிக்காவும், தீட்டை ஊட்டி வளர்த்தது சாதி.

சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபிறகு என்ன ஆனது? நீரிலிருந்து பிரித்த குரோமியம் கசடாகச் சேர்ந்தது. 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். கழிவுத் தொட்டியில் இறங்கி விஷவாயு தாக்கிச் சாகும் செய்திகளும் நின்றபாடில்லை. முடி கழிக்கப் பயன்படும் சல்பைடு நீரோடு அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். இது நூறாண்டாகத் தெரிந்த வேதியியல். தெரிந்தும் ஆளை இறக்குவதற்கு விபத்து என்று பெயர் வைக்கிறார்கள்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று டேனரிகளைப் பற்றி மீண்டும் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன். பாக்கி இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் அரசு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கவேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவேண்டும், உத்தரவுகள் நிறைவேறுவதை நீதிமன்றமே தொடர்ந்து கண்காணிக்கும் என்றது. அம்பேத்கர் பெயர் போய் வேலூரான மாவட்டம் இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகிவிட்டது. அங்கே களப்பணிக்குப் போகும் மாணவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் முதலில் கேட்கவேண்டியது இழப்பீட்டுப் பட்டியலை, ஊர் வாரியாக. அதில் சேரித் தெருக்களின் பெயர்கள் எத்தனை வருகின்றன என்று எண்ணுங்கள். அடுத்து, ஆற்றுநீர்ச் சோதனையோடு வண்டல் சோதனையும் நடக்கிறதா என்று கேளுங்கள். பிறகு அறுபது வயதைத் தாண்டிய பாட்டிகளிடம் உட்கார்ந்து, சிறு வயதில் ஓடையில் என்னென்ன மீன் பிடித்தார்கள் என்று பெயர் பெயராக எழுதி வாங்குங்கள். ஏலப் பதிவேட்டில் இல்லாத அந்தப் பெயர்கள் அவர்களிடம்தான் இருக்கின்றன.